காக்கைக்குச் சோறு வைக்கிறோம், எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

மார்கழி முடியப் போகிறது. ஒகேனக்கல்லில் காலைப் பனி நன்றாக இறங்குகிறது. பொங்கலுக்கு ஊருக்கு வரப்போகிறவர்களுக்காக ஒரு சின்ன வரலாற்றுப் பாடம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் நம் வீடுகளில் சாப்பிட உட்காருவோம். சில குடும்பங்களில் பொங்கலுக்கு மறுநாள் கணுப்பிடி வைப்பார்கள். குருவி கொத்தட்டும் என்று தாழ்வாரத்தில் கதிர்க்கொத்து கட்டிய வீடுகளும் உண்டு. பறவைக்கு உணவு வைப்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வந்தது எத்தனை என்று எழுதிவைக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை.

அந்தப் பழக்கம் எப்படி வந்தது தெரியுமா? அமெரிக்காவில் அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் நாளில் ஆட்கள் அணி பிரிந்து வேட்டைக்குப் போவார்கள். அதிகம் சுட்டுக் குவித்த அணிக்கு வெற்றி. ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் 1900-ல் ஒரு மாற்று யோசனை சொன்னார்: சுட வேண்டாம், எண்ணுவோம். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றுவரை நிற்கவில்லை.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று இருக்கிறது. 1929-30-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் மூலம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் 'வெர்னே ஆய்வு' நடந்தது. அரூர் பக்கத்துச் சித்தேரி மலைக்கும் வந்தார்கள். அப்போது அது சேலம் மாவட்டம். தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965-ல்தான். அந்தக் கால வழக்கப்படி பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்து எடுத்துப் போனார்கள். இன்ன பறவை இங்கே இருந்தது என்பதற்கு அது நல்ல சான்று. எத்தனை இருந்தன என்பது அதில் தெரியாது.

வீட்டு வாசலில் எண்ணுவது பிறகு வந்தது. 1976-ல் கனடாவின் ஒன்டாரியோவில் எரிகா டன் என்ற அம்மையார், பறவைக்குத் தீனி வைக்கும் வீட்டுக்காரர்களையே குளிர்காலம் முழுக்க எண்ணச் சொன்னார். அதுவே 1987-ல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தோடு சேர்ந்து 'ஃபீடர்வாட்ச்' ஆனது. பிரிட்டனில் 1979-ல் 'ப்ளூ பீட்டர்' என்ற சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பிள்ளைகளிடம் தோட்டத்துப் பறவைகளை எண்ணி அனுப்பச் சொன்னார்கள். சில நூறு தாள் வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது 34,000.

என்னிடம் கணக்குப் படித்தவர்கள் இப்போது ஒரு கேள்வி கேட்பீர்கள்: "அதே காக்கா போய்ப் போய்த் திரும்பி வந்தால் இரண்டு முறை எண்ணிவிட மாட்டோமா, சார்?" நல்ல கேள்வி. ஃபீடர்வாட்சில் அதற்கு ஒரு எளிய விதி உண்டு. ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எழுத வேண்டும். முதலில் மூன்று, பிறகு ஐந்து, பிறகு இரண்டு வந்தால் விடை ஐந்து. பத்து அல்ல.

எண்ணி என்ன பயன்? 1994-ல் அமெரிக்க வீடுகளுக்கு வந்த ஒரு வகைக் குருவிக்குக் கண் வீங்கிப் பார்வை போகும் நோய் பரவியது. அதைக் கவனித்துச் சொன்னவர்கள் தீனி வைத்த சாதாரண மக்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1970-க்குப் பிறகு ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-ல் அறிஞர்கள் சொல்ல முடிந்ததற்கும் இப்படிப் பொதுமக்கள் எண்ணிய கணக்கே பெரும் ஆதாரம்.

நம் நாட்டுக்கு வருவோம். "செல்போன் டவர் வந்ததும் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது" என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது எனக்கு வாட்ஸ்அப் வருகிறது. 2020-ல் வெளிவந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கையைப் பாருங்கள். பறவை ஆர்வலர்கள் சேர்த்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து எழுதியது அது. சிட்டுக்குருவி பெருநகரங்களில் குறைந்திருக்கிறது, நாடு முழுவதும் பார்த்தால் ஏறக்குறைய நிலையாக இருக்கிறது என்கிறது. வேறு பல பறவைகள் சத்தமில்லாமல் குறைந்து வருவதையும் அதே அறிக்கை காட்டுகிறது. அவற்றுக்காக வாட்ஸ்அப் செய்தி எதுவும் வரவில்லை. வதந்தியையும் உண்மையையும் பிரித்துக் காட்டுவது எண்ணிக்கைதான்.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. பிப்ரவரியில் உலகம் முழுக்க நடப்பதிலும் 2013 முதல் இந்தியா கலந்துகொள்கிறது. பதினைந்து நிமிடம் போதும். 'ஈபேர்ட்' செயலியில் பதிவு செய்யலாம். வெளியே போகும்போது நோட்டில் எழுதிக்கொண்டு பிறகு ஏற்றினாலும் சரி.

நகரத்துக்காரர்கள் எண்ணினால் நகரத்தின் கணக்குத்தான் கிடைக்கும். பென்னாகரம், ஒகேனக்கல் கணக்கை நாம்தான் எழுத வேண்டும். பேரன் பேத்திகளை உட்கார வையுங்கள். காக்கை, மைனா, தவிட்டுக்குருவி, புள்ளிப்புறா எல்லாம் சேரும். ஆற்றங்கரைப் பாறையில் வால் ஆட்டிக்கொண்டு நடக்கும் சாம்பல் வாலாட்டியையும் காட்டுங்கள். இமயமலைப் பக்கமிருந்து குளிருக்கு வரும் விருந்தாளி அது. தண்ணீர்ச் சட்டி வைப்பவர்கள் தினமும் கழுவி வையுங்கள், நோய் பரவாது.

எண்ணியதைக் கீழே எழுதுங்கள். இந்த முறை மதிப்பெண் கிடையாது, ஆனால் திருத்திப் பார்ப்பேன்!

அனைவருக்கும் முன்கூட்டியே பொங்கல் வாழ்த்துகள்.