பங்காளர் சம்பளக்காரர் ஆன கதை



வரவு செலவு எழுதிப் பிழைக்கிற எனக்கு ரொக் இசையோடு என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நிகழ்ச்சி இடைவேளைக்கு ஒரு இசைத்தட்டுத் தேடப்போய், பிங்க் புளொயிட் குழுவின் கீபோர்ட் கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் கதையில் அகப்பட்டுக்கொண்டேன்.

1943இல் இலண்டன் புறநகரான ஹட்ச் எண்டில் பிறந்தவர். கட்டடக்கலை படிக்கப் போன இடத்தில் ரொஜர் வோட்டர்ஸையும் நிக் மேசனையும் சந்தித்தார். 1965இல் குழு உருவானது. முன்னுக்கு நிற்கிற ஆளல்ல. அந்தோனியோனியின் 'சாபிரிஸ்கி பொயின்ற்' படத்துக்காக அவர் அமைத்த ஒரு மெட்டை இயக்குநர் வேண்டாம் என்றுவிட்டார். அதுவே 'அஸ் அண்ட் தெம்' என்ற பாட்டாகி, 1973இல் 'த டார்க் சைட் ஒவ் த மூன்' தட்டில் வந்தது. அந்தத் தட்டு 1988 வரையில் அமெரிக்கப் பட்டியலில் 741 வாரங்கள் இருந்தது!

பிறகு பணம் நெருக்கியது. நம்பிக் கொடுத்த முதலீடுகள் மூழ்கின. வரிக்குப் பயந்து வெளிநாடு போய் 'த வோல்' தட்டைப் பதிந்தார்கள். 1979இல் கிரேக்கத்தில் விடுமுறையில் நின்ற ரைட்டை முன்கூட்டியே வரச் சொன்னார்கள். மறுத்தார். அவர் விலகியே ஆகவேண்டும் என்று வோட்டர்ஸ் நின்றார். ரைட் அந்நாட்களில் அதிகம் வாசித்துக் கொடுக்கவில்லை என்பது மற்றவர்களின் முறைப்பாடு. அவருடைய மணவாழ்வும் அப்போது உடைந்துகொண்டிருந்தது.

1980–81 மேடை நிகழ்ச்சிகளுக்கு அவர் சம்பளத்துக்கு வந்தார். சபையோருக்கு ஒன்றும் தெரியாது. மேடையை மறைத்துச் சுவர் எழுப்பி இடிக்கும் செலவில் சுற்றுப்பயணம் நட்டத்தில் முடிந்தது. நட்டம் பங்காளர் மூவருக்கும். காசோடு வீடு போனவர் ரைட் ஒருவரே. இதைச் சொல்லிப் பலர் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பதினைந்து வருடம் சேர்ந்து கட்டிய கடையில் அந்த மனிதர் கூலிக்கு நின்றார். அதை எந்தப் பேரேட்டில் பதிவது?

1983 தட்டில் அவர் இல்லை. 1987இல் மீண்டும் சம்பளத்துக்கே வந்தார். (அந்தச் சுற்றுப்பயணத்துக்கு முதல் திரட்ட மேசன் தன் பெராரி காரை ஈடு வைத்தார்.) 1994இல்தான் திரும்பவும் குழுவின் உறுப்பினர். 2005 யூலை 2இல் ஹைட் பார்க்கில் வோட்டர்ஸ், கில்மர், மேசன், ரைட் நால்வரும் ஒரே மேடையில் வாசித்தார்கள். 2008 செப்டெம்பர் 15இல், 65 வயதில், புற்றுநோயால் ரைட் காலமானார். 1993–94இல் மிஞ்சிய ஒலிப்பதிவுகளிலிருந்து 2014இல் 'தி எண்ட்லெஸ் ரிவர்' வந்தபோது அதில் அவருடைய கைவண்ணம் நிறைய இருந்தது.

இம்மாத ஒலிபரப்பில் அவர் அமைத்த 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' ஒலிக்கும். பாடுகிற பெண்குரல் உங்களை இழுத்துக்கொண்டு போகும். முடிந்தால் அடியில் ஓடுகிற பியானோவைக் கேளுங்கள்.