மூடியின் மேல் இரண்டு கட்டைவிரல்

டெசிக்கேட்டரைத் தூக்கும்போது இரண்டு கட்டைவிரலும் மூடியை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். கல்லூரி வேதியியல் லேபில் அட்டெண்டராகச் சேர்ந்த புதிதில் எனக்கு இது தெரியாது. வாசலின் தடவிய விளிம்பிலிருந்து மூடி வழுக்கிப் படிக்கட்டில் விழுந்து நொறுங்கியது. அதன் பிறகு முப்பது வருஷம், புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதலில் விரலைத்தான் காட்டச் சொல்வேன்.

தடித்த கண்ணாடிப் பாத்திரம், நடுவே துளையிட்ட பீங்கான் தட்டு, அதற்குக் கீழே ஈரத்தை இழுக்கும் சரக்கு. அவ்வளவுதான் டெசிக்கேட்டர். பேரியம் சல்பேட்டைச் சுட்டெடுத்த குரூசிபிள் இதற்குள் ஆறினால்தான் எடை நிற்கும். எங்களுடையது கடலோர ஊர். வெளியே ஆறவிட்டால் தராசில் நாலாவது தசம இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். ஆறியதும் உள்ளே அழுத்தம் குறைந்து மூடி இறுகிவிடும். மேலே இழுக்கக் கூடாது, பக்கவாட்டில் மெல்லத் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் காற்று சட்டென்று பாய்ந்து, காலையிலிருந்து வடிகட்டிச் சேர்த்த வீழ்படிவு பறந்துவிடும்.

ஈரம் இழுக்க முன்பெல்லாம் அடர் கந்தக அமிலம். 1810-இல் எடின்பரோவில் ஜான் லெஸ்லி, காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் கூண்டுக்குள் அமிலத்தையும் தண்ணீரையும் அருகருகே வைத்தார். எழுந்த ஆவியையெல்லாம் அமிலம் குடிக்கக் குடிக்க, தண்ணீர் மேலும் மேலும் ஆவியாகிக் குளிர்ந்து கடைசியில் உறைந்தே போனது. அடுத்து கால்சியம் குளோரைடு. ஜெர்மனியின் கீசன் நகரில் லீபிக், 1831-இல், கரிமப் பொருளை எரித்து வந்த நீராவியை கால்சியம் குளோரைடு குழாயில் பிடித்தார். குழாய் எவ்வளவு கனம் கூடியதோ, அதிலிருந்தே ஹைட்ரஜனைக் கணக்கிட்டார்.

அமிலம் தளும்பும். கால்சியம் குளோரைடோ குடித்த ஈரத்தில் தானே கரைந்து கூழாகிவிடும். மழைக்காலத்தில் அந்தக் கூழைச் சுரண்டிக் கழுவுவது என் வேலை. அதனால்தான் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த வால்டர் பாட்ரிக்கின் பெயர் எனக்கு மறப்பதில்லை. சிலிக்கா ஜெல் செய்யும் முறைக்கு அவர் 1919-இல் காப்புரிமை பெற்றார். முதலில் அது போர்க்கள முகமூடிகளில் நச்சு ஆவியைப் பிடிக்கப் பயன்பட்டது. ஒரு கிராம் மணிக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பைக் கூட்டினால் பல நூறு சதுர மீட்டர் வரும். ஈரம் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். மணி கரையாது, கையில் எடுத்தால் உலர்ந்தே இருக்கும். 120 டிகிரி அவனில் வைத்தால் குடித்ததையெல்லாம் விட்டுவிடும்.

மணியில் கோபால்ட் குளோரைடு ஏற்றியிருப்பார்கள். காய்ந்தால் நீலம், நனைந்தால் இளஞ்சிவப்பு. ஐப்பசி மழையில் காலையில் வந்து பார்த்தால் தட்டு முழுக்கச் சிவந்திருக்கும். அவனில் வைத்து, மதிய பிராக்டிகலுக்குள் நீலமாக்கிவிடுவேன். 2008-இல் ஐரோப்பிய ஒன்றியம் கோபால்ட் குளோரைடை மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. காரணம், அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. இப்போது பல லேப்களில் ஆரஞ்சு மணி வந்துவிட்டது.

நீல மணியை நாங்கள் வெறுங்கையால்தான் அள்ளினோம்.