இளைத்த உடம்பு மறுபடி ஏறினால்: எடை குறைப்பு ஆபரேஷனின் எழுபது வருடக் கதை

1986 உலகக் கோப்பைக் கால்பந்தை நள்ளிரவில் தூர்தர்ஷன் முன் கண் விழித்துப் பார்த்தவர்கள் மரடோனாவை மறந்திருக்க மாட்டார்கள். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் உடம்பு மிகவும் பருத்துவிட்டது. 2005-ல் கொலம்பியாவின் கார்ட்டஹேனா நகரில் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டார். சில மாதங்களில் ஆளே இளைத்துப்போய், அர்ஜென்டினா தொலைக்காட்சியில் சொந்தமாக ஒரு நிகழ்ச்சி நடத்தினார். அதன் முதல் விருந்தாளி பெலே. இருவரும் பந்தைத் தலையால் தட்டித் தட்டி விளையாடிய காட்சி உலகமெல்லாம் போனது. பத்து வருடம் கழித்து, 2015-ல், வெனிசுவேலாவில் அவருக்கு இரண்டாவது முறை எடை குறைப்பு ஆபரேஷன் நடந்தது. குறைந்த எடை திரும்ப ஏறியிருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. எங்கள் காலை நடைக் கூட்டத்தில் ஒருவருடைய மகளுக்கு எட்டு வருடம் முன்பு ஸ்லீவ் ஆபரேஷன் ஆனது. 118 கிலோ இருந்தவர் ஒன்றரை வருடத்தில் 79-க்கு வந்தார். இப்போது 94. இரண்டாவது ஆபரேஷன் செய்து பைபாஸாக மாற்றலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வீட்டில் இருவிதப் பேச்சு. "அவ்வளவு பணம் கட்டிச் செய்த ஆபரேஷன் தோத்துப் போச்சே" என்கிறார் அம்மா. "வாயைக் கட்டியிருந்தா ஏன் சார் ஏறுது?" என்கிறார் அப்பா. அந்தப் பெண் எதுவும் பேசுவதில்லையாம். இந்த ஆபரேஷன்களின் வரலாற்றைப் படித்துப் பார்த்ததில், அந்த இரண்டு பேச்சுமே சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

கதை அமெரிக்காவின் மினசோட்டாவில் தொடங்குகிறது. 1954-ல் கிரெமன், லின்னர், நெல்சன் என்ற மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிறுகுடலின் எந்தப் பகுதி எந்தச் சத்தை உறிஞ்சுகிறது என்று நாய்களிடம் நடத்திய ஆராய்ச்சி அது. குடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டால் கொழுப்பு உடம்பில் சேராமல் வெளியேறுகிறது என்று கண்டார்கள். அப்படியானால் பருத்த மனிதருக்கும் இதைச் செய்யலாமே என்ற யோசனை அங்கே பிறந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸில் பெய்ன், டெவிண்ட் என்ற இருவர் அதைத் துணிந்து செய்தார்கள். சிறுகுடலின் மேல்பகுதியை நேராகப் பெருங்குடலோடு இணைத்தார்கள். எடை மளமளவென்று இறங்கியது. கூடவே அடங்காத வயிற்றுப்போக்கும், உடம்பின் உப்புச் சத்துகள் வற்றிப்போவதும் வந்தன. நோயாளிகளைக் காப்பாற்றக் குடலைப் பழையபடி இணைக்க வேண்டியதாயிற்று. இணைத்ததும் இறங்கிய எடையும் பழையபடி வந்து சேர்ந்தது. ஆக, ரிவிஷன் சர்ஜரி என்று இன்று சொல்லும் மறு ஆபரேஷன் பின்னாளில் முளைத்த புது வியாபாரம் அல்ல. முதல் ஆபரேஷனோடு கூடவே பிறந்தது.

1969-ல் அதே இருவர் வேறு அளவு சொன்னார்கள். சிறுகுடலின் மேல்பகுதியில் 14 அங்குலம், கடைசிப் பகுதியில் 4 அங்குலம், இரண்டையும் இணைத்து, இடையில் உள்ளதை ஒதுக்கிவிடுவது. இருபது அடிக் குடலில் ஒன்றரை அடிதான் வேலை செய்யும். எழுபதுகளில் இது பெரிய அளவில் பரவியது. ஆனால் சிறுநீரகக் கல், மூட்டு வீக்கம், சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு என்று ஒவ்வொன்றாக வந்தன. 1980 வாக்கில் கைவிடப்பட்டது. பலருக்கு மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது. இதில் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. மிச்சம் விட்ட அந்த ஒன்றரை அடிக் குடல் சும்மா இருக்கவில்லை. மெதுவாகத் தடித்து, உறிஞ்சும் சக்தியைக் கூட்டிக்கொண்டது. குறையை ஈடுகட்டுவது உடம்பின் இயல்பு.

அடுத்த பெயர் எட்வர்ட் மேசன், அயோவா பல்கலைக்கழகம். நம் தலைமுறைக்கு அல்சர் ஆபரேஷன் நன்றாகத் தெரியும். நம் ஊரிலும் அறுபது, எழுபதுகளில் இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்து மீதியைக் குடலோடு இணைப்பார்கள். அப்படிச் செய்துகொண்டவர்கள் பிறகு என்ன சாப்பிட்டாலும் ஒல்லியாகவே இருப்பதை மேசன் கவனித்தார். 1966-ல் அதையே பருத்தவர்களுக்குச் செய்தார். இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, அதைக் குடலோடு இணைப்பது. இன்றைய பைபாஸின் மூதாதை அதுதான்.

மேசனைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயம், தன் ஆபரேஷனைத் தானே குறை கண்டு திருத்திக்கொண்டே இருந்தது. குடலைத் தொடாமல் இரைப்பையை மட்டும் ஸ்டேப்ளர் ஊசியால் பிரித்துப் பார்த்தார். பை விரிந்தது, எடை திரும்பியது. 1980-ல் செங்குத்தாகப் பிரித்து, வாசலில் ஒரு செயற்கைப் பட்டையைச் சுற்றினார். அது உலகமெங்கும் பரவியது. சோறும் இறைச்சியும் அந்த வாசலில் தடைபடும். ஐஸ்கிரீமும் மில்க் ஷேக்கும் வழுக்கிக்கொண்டு போய்விடும். நோயாளிகள் தெரிந்தோ தெரியாமலோ இனிப்பான திரவங்களுக்கு மாறினார்கள். எடை ஏறியது. அவர்களில் பலர் பின்னாளில் பைபாஸுக்கு மாற்றப்பட்டார்கள். ஆபரேஷன் ஆனவர்களை வருடக் கணக்கில் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று வற்புறுத்தி, அதற்கென ஒரு பதிவேட்டையும் மேசன் தொடங்கினார். 2020-ல், நூறு வயதில் காலமானார்.

பிறகு கழற்றக்கூடிய பட்டை வந்தது. எத்தியோப்பியாவில் பிறந்து பெல்ஜியத்தில் பணியாற்றிய மிட்டிக்கு பெலாச்சு 1993-ல் சிறு துளைகள் வழியே அதைப் பொருத்தினார். 2001-ல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. வெட்டு இல்லை, தையல் இல்லை என்று மக்கள் விரும்பினார்கள். வருடங்கள் போகப் போக, பட்டை நழுவியது, இரைப்பைக்குள் அரித்து இறங்கியது, அல்லது எடை போதுமான அளவு குறையவில்லை. கழற்றி வேறு ஆபரேஷனுக்கு மாற்றியவர்கள் ஏராளம்.

ஸ்லீவின் பிறப்பு இன்னும் வேடிக்கை. சட்டைக் கை மாதிரி ஒரு குழாயை மட்டும் விட்டு, இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுப்பது இது. முதலில் இது தனி ஆபரேஷனே அல்ல, பெரிய குடல் ஆபரேஷன் ஒன்றின் முதல் பாதி. மிக அதிக எடை உள்ளவர்கள் முழு ஆபரேஷனைத் தாங்க மாட்டார்கள் என்று, 2000-ஐ ஒட்டி நியூயார்க்கில் மிஷேல் காஞ்ஞே குழுவினர் அதை இரண்டு தவணையாகப் பிரித்தார்கள். முதல் தவணையிலேயே பலர் நன்றாக இளைத்துவிட்டதால், ஸ்லீவ் தனி ஆபரேஷனாகிவிட்டது. அதே சமயத்தில், 1999-ல், ஜப்பானில் கோஜிமா, கங்காவா என்பவர்கள் கிரெலின் என்ற பசி ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. ஸ்லீவில் வெட்டி எடுப்பதும் அந்தப் பகுதியைத்தான்.

ஆகவே ஸ்லீவ் செய்தவருக்குச் சில வருடம் கழித்து இரண்டாவது ஆபரேஷன் யோசிக்கப்பட்டால், அது தோல்விக்குச் செய்யும் பரிகாரம் என்று நினைக்க வேண்டியதில்லை. பிறந்தபோதே அது இரண்டு தவணைத் திட்டம்தான்.

சரி, எடை ஏன் திரும்புகிறது? 1944-45-ல் அதே மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, தாமாக முன்வந்த 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். எடையில் ஏறக்குறைய கால்பங்கு போனது. உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொண்டது. நாடித்துடிப்பு குறைந்தது, குளிர் தாங்கவில்லை, நாளெல்லாம் சாப்பாட்டு நினைப்பு. கட்டுப்பாடு நீங்கியதும் வயிறு நிறைந்த பிறகும் பசித்தது. பலருக்குக் கொழுப்பு முன்பைவிட அதிகமாகவே சேர்ந்தது. 2016-ல் வெளியான இன்னொரு ஆய்வு, அமெரிக்கத் தொலைக்காட்சி எடை குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தது. பெரும்பாலோருக்கு எடை நிறையத் திரும்பியிருந்தது. ஆனாலும் அவர்கள் உடம்பு, எதிர்பார்க்கும் அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்தது.

எழுபதுகளில் தாடையைக் கம்பியால் கட்டிப் பார்த்த மருத்துவர்களும் உண்டு. உண்மையிலேயே வாயைக் கட்டியதுதான். கம்பியை அவிழ்த்ததும் எடை திரும்பியது. "வாயைக் கட்டு" என்று சொல்லும் நாம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி, தோல்வி என்ற பேச்சு. 1987-ல் தொடங்கிய ஸ்வீடன் ஆய்வு, ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 2000 பேரையும், செய்துகொள்ளாத அதே அளவு பேரையும் பல வருடம் தொடர்ந்தது. பைபாஸ் செய்தவர்களுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் சராசரியாக 32 சதவீத எடை குறைந்தது. பத்து வருடத்தில் அந்தக் குறைவு 25 சதவீதமாக நின்றது. 120 கிலோ என்று வைத்துக்கொண்டால், சுமார் 82-க்கு வந்து, பிறகு 90-ல் நிற்பது. மேசனின் பட்டை முறையில் 25 சதவீதம் 16 ஆனது. அதாவது, கொஞ்சம் திரும்புவதுதான் சராசரி. அப்படியிருந்தும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது என்று 2007-ல் வெளியிட்டார்கள். நண்பரின் மகளும் ஆரம்ப எடையைவிட இன்றும் 24 கிலோ குறைவாகத்தான் இருக்கிறார். அதை வீட்டில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இதனால் எல்லோரும் இரண்டாவது ஆபரேஷனுக்குப் போகலாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருமுறை வெட்டித் தைத்த இடத்தில் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்த ஓட்டமும் மாறியிருக்கும். தையலில் கசிவு போன்ற ஆபத்துகள் முதல் தடவையைவிட அதிகம். கிடைக்கும் எடைக் குறைப்போ பெரும்பாலும் முதல் தடவையைவிடக் குறைவு. பைபாஸுக்குப் பிறகு இரும்பு, கால்சியம், பி12 எல்லாம் ஆயுள் முழுக்க எடுத்தாக வேண்டும்.

எனவே முதலில் கேட்க வேண்டியது, கோளாறு எங்கே என்பதுதான். எண்டோஸ்கோப்பியும் பேரியம் எக்ஸ்ரேயும் எடுத்தால் குழாய் விரிந்திருக்கிறதா, இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று தெரியும். அமைப்பில் கோளாறு இருந்தால், அல்லது ஸ்லீவுக்குப் பின் பலருக்கு வருகிற நெஞ்செரிச்சல் கடுமையாக இருந்தால், மறு ஆபரேஷனுக்கு நியாயம் உண்டு. அமைப்பு நன்றாக இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும். தைராய்டு, ஸ்டீராய்டு மாத்திரை, மனநல மருந்துகள், பிரசவம், மாதவிடாய் நிற்பது, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாமே எடையை ஏற்றும்.

இப்போது ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. செமாக்ளூடைடு 2021-ல் எடை குறைப்புக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2025-ல் நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்தது. ஆபரேஷனுக்குப் பின் எடை ஏறியவர்களுக்கும் மருத்துவர்கள் இதைத் தருகிறார்கள். இதிலும் பழைய கதைதான். ஓர் ஆய்வில், ஊசியை நிறுத்திய ஒரு வருடத்துக்குள் இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போல இதுவும் வாழ்நாள் முழுக்கக் கவனிக்க வேண்டிய நோய் என்பதைத்தான் ஒவ்வொரு புது வைத்தியமும் நமக்குச் சொல்கிறது. சர்க்கரை ஏறினால் மாத்திரையை மாற்றுகிறோம், யாரையும் திட்டுவதில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது இந்த யோசனையில் இருந்தால், முதல் ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆபரேஷன் குறிப்பையும் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த மருத்துவமனையில் நகல் கேட்டு வாங்குங்கள். அதைப் பார்க்காமல் இரண்டாவது மருத்துவரால் சரியாக எதுவும் சொல்ல முடியாது. முடிந்தால் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள். இது அவசர ஆபரேஷன் அல்ல, நிதானமாக முடிவெடுக்க நேரம் இருக்கிறது.