ஐந்து ஷில்லிங்

என் பாட்டிக்குத் தன் வயது தெரியாது. "தனுஷ்கோடிப் புயல் அடிச்சப்போ உன் பெரியப்பன் என் இடுப்பிலே இருந்தான்" என்பாள். அவளுடைய ஜாதகம் அவ்வளவுதான். அயர்லாந்துக் கிழவர்களைப் பற்றிப் படித்தபோது அவள் நினைவுதான் வந்தது.

1908-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. எழுபது வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் சர்க்கார் பென்ஷன். நிதிமந்திரி லாயிட் ஜார்ஜ் அதை நிறைவேற்றி வைத்தார். 1909 ஜனவரி முதல் தேதி தபாலாபீஸ்களில் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். அயர்லாந்தில் எல்லோருக்குமான பிறப்புப் பதிவு வந்ததே 1864-ல்தான். ஆகவே, 1839-ல் வீசிய பெருங்காற்று தமக்கு நினைவிருப்பதாகச் சொல்லியே பலர் வயதை நிரூபித்தார்கள்.

வயதையாவது காற்றின் பேரில் நிரூபிக்கலாம். ஏழ்மையை எப்படி நிரூபிப்பது? வருஷ வருமானம் 21 பவுனுக்குள் இருந்தால் முழுத் தொகை. அதற்குமேல் படிப்படியாகக் குறையும். முப்பத்தொன்றரைப் பவுனைத் தாண்டினால் ஒன்றுமில்லை. மகன் வீட்டில் இலவசமாய்ச் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கும் விலை போட்டார்கள்.

இல்லாதவனுக்குக் கொடு, இருக்கிறவனுக்கு எதற்கு என்பது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். வாரம் ஐந்து ஷில்லிங் என்றால் வருஷத்துக்கு 13 பவுன். 21 பவுன்காரருக்குப் பென்ஷனோடு 34 பவுன் ஆயிற்று. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்து 32 பவுன் வருமானம் தேடிக்கொண்டவருக்கு அந்த 32 பவுனேதான்! சேமித்ததற்குத் தண்டனை.

அயர்லாந்துக் குடியானவர்கள் பலர் நிலத்தை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பென்ஷனுக்காகவே கைமாற்றிய சொத்தைக் கணக்கில் சேர்க்கவும் சட்டத்தில் வழி இருந்தது. பத்திரம் எழுதிக் கொடுத்த தகப்பன் மறுநாள் திண்ணைக்கு வந்துவிடுவான் என்பது நமக்குத் தெரியாததா? அந்த ஐந்து ஷில்லிங்தான் அவனைத் திண்ணையிலிருந்து மறுபடி கூடத்துக்கு அழைத்து வந்திருக்கும்.

1925-ல் சந்தா கட்டிப் பெறும் பென்ஷன் வந்தது. அதற்கு வருமானச் சோதனை இல்லை. ஆனாலும் சோதனை ஒழியவில்லை. 2003-ல் அங்கே ஏழை முதியோருக்கென்று வந்த உதவித்தொகையைத் தகுதியிருந்தும் கேட்காதவர்கள் ஏராளம். விண்ணப்பம் சிக்கலானது என்பது ஒரு காரணம். கூச்சம் இன்னொரு காரணம்.

அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. இங்கே முதியோர் உதவித்தொகைக்கு என் பாட்டியை மனுப் போடச் சொன்னார்கள். ஆதரவற்றவள் என்று சொல்ல வேண்டும் என்றதும் அவள் எழுந்துவிட்டாள்.

"நாலு பிள்ளை பெத்தவ நான். அப்படிச் சொல்லிக் கைநாட்டு வைப்பேனா?" என்றாள்.

அன்று அவள் சுருக்குப்பையில் மூன்று ரூபாய் இருந்தது.