ஒரு கனியும் இரண்டு மரங்களும்

நாக்பூரில் பாத்திரக் கடை வைத்து 41 ஆண்டுகள் ஆகின்றன. வந்தவாசிப் பக்கம் பிறந்த தமிழ்ச் சமணன் நான். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து படித்ததுதான். இப்படிப்பட்டவன் கிறித்தவ சமயத்தின் அறக்கருத்து ஒன்றின் வரலாற்றை எழுத வரலாமா என்று மலர்க் குழுவினர் கேட்கவில்லை. நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். எழுதத் தூண்டியவர் பக்கத்து வீட்டு அண்ணாச்சி.

அவர் நாகர்கோவில்காரர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கும். ஒரு கூடை, அதில் ஒன்பது பழங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு நற்குணத்தின் பெயர்.

"ஒன்பது கனிகளா அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க நயினாரே. ஆனா மூலத்துல ஒருமைதான். கனி. கனிகள் இல்ல."

வியாபாரிக்கு எண்ணிக்கையில் ஒன்று இடித்தால் தூக்கம் வராது. அன்று தொடங்கிய தேடலின் சுருக்கம்தான் இக்கட்டுரை.

அந்த ஒன்பதும் பவுல் என்ற திருத்தூதர் கிரேக்க மொழியில் எழுதிய கடிதத்தில் வருகின்றன. இன்றைய துருக்கி நாட்டின் நடுப்பகுதியில் இருந்த கலாத்தியா என்ற நாட்டுச் சபைகளுக்கு, கி.பி. 50ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதியது. அதன் ஐந்தாம் அதிகாரத்தில் இரண்டு பட்டியல்கள் உண்டு. முதலில் தீமைகள்: காமம், பகை, பொறாமை, சினம், கட்சி கட்டுதல், குடிவெறி என்று 15க்குக் குறையாமல். அடுத்து நன்மைகள்: அன்பில் தொடங்கித் தன்னடக்கத்தில் முடியும் ஒன்பது. முதல் பட்டியலுக்கு அவர் இட்ட பெயர் 'எர்கா'. செயல்கள் என்று பொருள், பன்மை. இரண்டாவதற்கு இட்ட பெயர் 'கார்போஸ்'. கனி என்று பொருள், ஒருமை. அண்ணாச்சி சொன்னது சரிதான். பிற்காலத்து லத்தீன் மொழிபெயர்ப்பில் இந்த ஒன்பது பன்னிரண்டாயிற்று. கத்தோலிக்க மரபு இன்றும் பன்னிரண்டு என்றே எண்ணுகிறது.

இதில் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கலாம். செயல் என்பது நாம் செய்வது. கனி என்பது காய்ப்பது. மாமரத்தை அதட்டி ஒரு காயைக்கூட வரவழைக்க முடியாது; நீர் ஊற்றலாம், வேலி போடலாம், காத்திருக்கலாம். தீமைகள் சிதறிக் கிடப்பவை, அதனால் பன்மை. நற்குணங்கள் ஒரே உயிரிலிருந்து வருபவை, அதனால் ஒருமை. ஒன்பது பழங்கள் என்பதைவிட ஒரே பழத்தின் ஒன்பது சுளைகள் என்று சொன்னால் பொருந்தும்.

பவுலின் பட்டியலில் தீமைக்குக் கனி கிடையாது. ஆனால் மத்தேயு எழுதிய நற்செய்தியில் இயேசு வேறொரு உவமை சொல்கிறார். நல்ல மரம் நல்ல கனி தரும், கெட்ட மரம் கெட்ட கனி தரும். கனியைக் கொண்டு மரத்தை அறியலாம். இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து பின்னால் பெரிய மரமாக வளர்ந்தன. அதற்கு ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எகிப்தின் பாலைவனத்தில் தவம் செய்த எவாக்ரியுஸ் (மறைவு 399) என்ற துறவி, மனத்தைக் கெடுக்கும் எண்ணங்கள் எட்டு என்று வகுத்தார். பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், சினம், சோர்வு, வீண்புகழ், செருக்கு. இதில் சோர்வு என்பது நடுப்பகலில் வந்து, பொழுது நகரவில்லையே என்று ஏங்க வைக்குமாம். கோடைகாலத்து மத்தியானம் ஆள் வராத கடையில் உட்கார்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காசியன் என்பவர் இந்த எட்டையும் ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரான்சின் மார்செய் நகருக்குக் கொண்டுவந்து லத்தீனில் எழுதினார். நச்சு மரத்தைப் பட்டுப்போகச் செய்ய முதலில் வேரைக் கவனி என்பது அவருடைய அறிவுரை.

வேர் எது? இங்குதான் வழக்கு. 590 முதல் 604 வரை போப்பாக இருந்த பெரிய கிரெகோரி, செருக்கே வேர் என்றார். அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அதிலிருந்து கிளைப்பவை ஏழு என்று கணக்கிட்டார். பின்னாளில் 'ஏழு தலையாய பாவங்கள்' என்று புகழ்பெற்ற பட்டியலுக்கு இதுவே அடிப்படை. ஆனால் விவிலியத்தில் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதம் எல்லாத் தீமைக்கும் வேர் பண ஆசை என்கிறது. சந்தைகளும் நாணயப் புழக்கமும் பெருகிய 11, 12ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் பேராசையைக் கண்டிக்கும் குரல் ஓங்கியது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். நம்ம தொழிலுக்கு வந்த குற்றச்சாட்டு, தலை குனிந்து கேட்க வேண்டியதுதான்.

அந்தப் 12ஆம் நூற்றாண்டில்தான் மரம் படமாயிற்று. 'உடலின் கனிகளும் ஆவியின் கனிகளும்' என்று பொருள்படும் லத்தீன் தலைப்பில் ஒரு சிறு நூல் உண்டு. பாரிசின் புனித விக்டர் மடத்தைச் சேர்ந்த ஹ்யூ எழுதியது என்று முன்பு கருதினார்கள். ஹிர்சாவு மடத்துக் கொன்ராடு எழுதியது என்று இன்று பலர் கருதுகிறார்கள். அதில் எதிரெதிராக இரண்டு மரங்கள். ஒன்றின் வேர் செருக்கு, அதில் ஏழு தீமைகள் காய்க்கின்றன. மற்றதன் வேர் பணிவு, அதன் உச்சியில் அன்பு. பவுல் தீமைக்குத் தராத கனியை இந்த நூல் தந்துவிட்டது. தீமையும் வெறும் செயல் அல்ல, கண்ணுக்குத் தெரியாமல் வேர்விட்டு வளர்வது என்ற பாடம் இதில் இருக்கிறது. படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற பாடம்.

ஆனால் அதே காலத்து இன்னொரு படம் என்னை உலுக்கிவிட்டது. சாந்தொமேர் என்ற ஊரின் லாம்பெர்ட் என்ற குருவானவர் 1121இல் முடித்த 'லீபேர் ஃப்ளோரிடுஸ்' என்ற கலைக்களஞ்சியம் இன்று பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. என் பேரன் அதன் பக்கங்களைக் கணினியில் காட்டினான். நல்ல மரத்தின் வேர் அன்பு. கெட்ட மரத்தின் வேர் பேராசை. அதன் அடியில் இரண்டு கோடரிகள். நல்ல மரத்துக்குத் திருச்சபை என்று பெயர். கெட்ட மரத்துக்கு எழுதிய பெயர் யூதர்களின் தொழுகைக்கூடம்.

அதற்கு 25 ஆண்டுகளுக்கு முன், 1096இல், ரைன் நதிக்கரை ஊர்களான வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் சிலுவைப்போருக்குக் கிளம்பிய கூட்டங்கள் யூதர்களைக் கொன்று குவித்திருந்தன. கனியைப் பற்றி எழுதிய பவுலே ஒரு யூதர். தன் மனத்தைச் சோதிக்கத் தந்த மரத்தின் மேல் அடுத்த வீட்டுக்காரனின் பெயரை எழுதிவிட்டார்கள். யூதர்மீது அந்தப் பழியைச் சுமத்தக்கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல்தான் அறிவித்தது.

அதே சமயத்தாரிடம் மாறான பார்வையும் உண்டு. அதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, 1708இல் நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மனில் பெயர்த்தார். நம் சமயங்களில் குறை கண்டவர்தான். ஆனாலும் தமிழரிடம் அறம் காய்த்திருப்பதைத் தம் நாட்டார் அறிய வேண்டும் என்று எண்ணினார். அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1714-15இல் அங்கே அச்சானது. ஜி.யு. போப் 1893இல் நாலடியாரை ஆங்கிலத்தில் வெளியிட்டார். எங்கள் சமண முனிவர்கள் பாடியதாகப் போற்றப்படும் நூலை ஒரு பாதிரியார் பல ஆண்டு உழைத்துப் பதிப்பித்தார் என்பதை நாங்கள் மறக்கக்கூடாது. பிறர் மரத்தில் கனியைப் பார்ப்பதற்கும் ஒரு கண் வேண்டும்.

எங்கள் சமயத்திலும் ஒரு மரக்கதை உண்டு. பசியோடு வந்த ஆறு பேர் ஒரு நாவல் மரத்தைப் பார்க்கிறார்கள். ஒருவன் மரத்தையே அடியோடு வெட்டலாம் என்கிறான். அடுத்தவன் பெருங்கிளை, அடுத்தவன் சிறு கிளை, அடுத்தவன் கொத்து, அடுத்தவன் பழம் மட்டும் என்கிறான். ஆறாமவன் கீழே உதிர்ந்ததே போதும் என்கிறான். உயிரின் மேல் படியும் ஆறு நிறங்களை விளக்கும் கதை இது. கிறித்தவ மரபில் மனிதனே மரம். எங்கள் கதையில் மனிதன் மரத்தடியில் நிற்பவன். ஆனாலும் செருக்கை வேர் என்ற கிரெகோரியும், கோபம், மானம், மாயை, லோபம் என்ற நான்கையும் உயிரைக் கட்டும் பிசின் என்ற எங்கள் பெரியோரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்கக் கூடியவர்கள்.

இனி சொந்தக் கணக்கு. லாம்பெர்ட்டின் படத்தைப் பார்த்துக் கோபப்பட்டவன், அன்றிரவே நானும் அப்படி ஒரு படம் வைத்திருப்பதை உணர்ந்தேன். ஊரிலுள்ள நிலப் பாகத்தில் தம்பிக்கும் எனக்கும் மனத்தாங்கல் வந்து 11 ஆண்டுகளாயின. பேச்சு கிடையாது. 'அவனுக்குப் பேராசை' என்று நாக்பூரில் சொல்லாத வீடில்லை. கெட்ட மரத்துக்கு என் தம்பி பெயரை எழுதி, நல்ல மரத்துக்கு என் பெயரை எழுதிக்கொண்டேன். பேரேட்டை எடுத்துப் பார்த்தால் பாகத்தில் அவன் கேட்ட தொகை பெரிதல்ல. தம்பி எப்படிக் கேட்கலாம் என்பதுதான் என் வலி. கிரெகோரி சொன்ன வேர் என் வீட்டு வாசலிலேயே இருந்தது.

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் உபதேசம் செய்யவில்லை. "லெட்டர் போடுங்க நயினாரே. போன்ல பேசினா ரெண்டு பேரும் சத்தம் போடுவீங்க," என்றார்.

போட்டேன். பதில் வரவில்லை. மூன்று வாரம் கழித்துத் தம்பி மகள் போன் செய்தாள். "பெரியப்பா, அப்பா லெட்டரைப் படிச்சாங்க. ஒண்ணும் சொல்லல. கிழிக்கவும் இல்ல. சாமி மாடத்துல வெச்சிருக்காங்க."

எனக்கு அது போதும். கடிதம் எழுதியது என் செயல். மீதி காய்க்க வேண்டியது. அதை அதட்டிக் கேட்க முடியாது.

வெளிமாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகள் பல சமயத்துப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அடுத்த வீட்டுச் சுவரில் பழக்கூடைப் படத்தைப் பார்த்தால் அது என்னவென்று கேட்கச் சொல்லுங்கள். கேட்டதால் எனக்கு நஷ்டமில்லை. இக்கட்டுரையில் பிழையிருந்தால் பெரியோர் பொறுத்துத் திருத்துக.