வளரி திறந்த வழி

போர் வரலாற்று நூல்களைச் சேர்க்கத் தொடங்குபவர்களில் பலர் முதலில் வாங்குவது இரண்டாம் உலகப் போர் பற்றிய கனத்த படப் புத்தகங்களைத்தான். டாங்கிகளும் விமானங்களும் நிறைந்த அந்த நூல்களில் குறையொன்றும் இல்லை. ஆனால் அவற்றால் அலமாரி நிரம்பும், நூலகம் அமையாது. ஒரு கோட்டை, ஒரு முற்றுகை, ஓர் ஆயுதம் என ஏதேனும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அது எழுப்பும் கேள்விகளுக்கு விடை தேடி நூல் நூலாகப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எனக்கு அப்படி வாய்த்தது வளரி என்னும் வளைந்த எறிகோல்.

தொடக்கம் ஜேம்ஸ் வெல்ஷ். கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், சென்னைப் படையில் நாற்பதாண்டுக் காலம் பணியாற்றிய இவர், தம் நாட்குறிப்பிலிருந்து திரட்டி 1830இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட நினைவுக் குறிப்புகள் தென்னாட்டுப் போர் வரலாறு படிப்போர் எவரும் தவிர்க்க முடியாதவை. இளம் அதிகாரியாக மதுரைப் பக்கம் இருந்தபோது ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கையின் சின்ன மருதுதான் என்று அவரே எழுதுகிறார். 1801இல் அதே வெல்ஷ், பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டையைத் தாக்கிய படையிலும், பின்னர் மருது சகோதரர் இருவரைத் தேடிக் காடு புகுந்த படையிலும் இருந்தார். மார்ச் 31 அன்று நடந்த தாக்குதலில் கும்பினிப் படை தோற்றுத் திரும்பியதையும், மே மாதம் பெரும் பீரங்கிகளின் துணையோடுதான் கோட்டை விழுந்ததையும் அவர் மறைக்கவில்லை. தமக்கு ஆயுதம் பழக்கியவரின் முடிவை எழுதும்போது அவருக்குள்ள வருத்தம் வெளிப்படையாகத் தெரிகிறது. எதிரியை இப்படி நேருக்கு நேர் அறிந்து எழுதியவர்கள் மிகச் சிலர். ஆதலால் ஒரே ஒரு நூலுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதை வாங்குங்கள் என்பேன்.

வளரியைப் பற்றி மேலும் அறியப் போனால் 1909இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் எதிர்ப்படும். தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய அந்நூலை அதன் இனவியல் முடிவுகளுக்காக இன்று யாரும் நம்பிப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர். அங்குள்ள வளரிகளில் இரண்டு தந்தத்தாலும் ஒன்று மரத்தாலும் ஆனவை என்றும், மூன்றும் தஞ்சை அரண்மனைப் படைக்கலக் கொட்டிலிலிருந்து வந்தவை என்றும் அவர் தரும் செய்தி மதிப்புள்ளது. கள்ளர் நாட்டு வளரி, மராத்தியர் ஆண்ட தஞ்சை அரண்மனைக்குத் தந்தத்தில் எப்படிப் போயிற்று? இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

தஞ்சைக் கொட்டிலின் கதையை வால்ஹவுஸ் என்ற அதிகாரி 1878ஆம் ஆண்டு ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் எழுதியிருக்கிறார். அரச மரபு முடிந்தபின், அங்கே குவிந்து கிடந்த வாள்களிலும் கட்டாரிகளிலும் சிறந்தவற்றை மட்டும் அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றார்கள். படிக்கும்போது வயிறு எரிகிறது. தப்பியவற்றை அடையாளம் காண ஆயுதங்களைப் பற்றிய துணைநூல்கள் வேண்டும். எகர்டன் 1880இல் வெளியிட்ட இந்திய ஆயுதங்களின் கையேடு பழைய நூலானாலும் நல்ல அடித்தளம். ஸ்டோன் 1934இல் வெளியிட்ட கலைக்களஞ்சியம் உலகம் முழுவதற்கும் உரியது. அகரவரிசையில் சட்டென்று புரட்டலாம், ஆனால் எந்த ஆயுதம் எந்த ஊருக்கு உரியது என்பதற்கு அதை மட்டும் நம்பக் கூடாது. ராபர்ட் எல்குட் 2004இல் எழுதிய நூல்தான் நமக்கு மிக நெருக்கமானது. தஞ்சைக் கொட்டிலிலிருந்து எழும்பூரிலுள்ள சென்னை அருங்காட்சியகம் சேர்ந்த ஆயுதங்களை அவர் ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பிடியின் சிற்பவேலையையும் கோயில் சிற்பங்களையும் ஒப்பிட்டுப் பேசுகிறார். விலை அதிகம். நூலகத்தில் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு எழும்பூர்க் கூடத்துக்குப் போனாலும் போதும்.

வளரியிலிருந்து பாளையக்காரர் போர்களுக்கும், அங்கிருந்து கர்நாடகப் போர்களுக்கும் வழி விரிகிறது. ராபர்ட் ஓர்மின் வரலாறு 1763இலும் 1778இலும் வெளிவந்தது. அதன் கதை 1745இல் தொடங்கிப் புதுச்சேரி விழுந்த 1761 வரை மட்டுமே. ஆகவே கும்பினியின் படைத்தலைவராக இருந்து பின் அதை எதிர்த்து 1764இல் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபின் முடிவு அதில் கிடைக்காது. அதற்கு எஸ். சி. ஹில் 1914இல் எழுதிய தனிநூலைத் தேட வேண்டும். கூடவே நா. வானமாமலை பதிப்பித்த ‘கான்சாகிபு சண்டை’ கதைப்பாடலும் இருக்க வேண்டும். கும்பினி அதிகாரிகள் தங்கள் பக்கம் இறந்தவர்களைத் துல்லியமாக எண்ணுவார்கள், எதிர்ப்பக்கத்தைப் ‘பலர்’ என்று முடித்துவிடுவார்கள். அந்தப் பலரைப் பற்றி ஊர் என்ன சொல்லிக்கொண்டது என்பதைக் கதைப்பாடலில் கேட்கலாம். நாள், தேதிக்கு அதை நம்ப முடியாது என்பதும் உண்மை. ஆவணங்களைத் துருவி கே. ராஜய்யன் 1971இல் எழுதிய தென்னிந்தியக் கிளர்ச்சி நூலை நடுவில் வைத்துக்கொண்டால் இரு பக்கத்தையும் எடைபோடலாம்.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. ஓர்ம் போன்ற நூல்களின் உயிர் அவற்றின் மடிப்பு வரைபடங்கள். மலிவான மறுபதிப்புகள் பலவற்றில் வரைபடத்தை விரிக்காமல் மடித்தபடியே படியெடுத்திருப்பார்கள். கோட்டை மதிலின் பாதிதான் தெரியும். பழைய பிரதியானால் கடையிலேயே ஒவ்வொரு மடிப்பையும் விரித்துப் பாருங்கள். யாரோ கிழித்து எடுத்துச் சட்டம் போட்டு விற்றிருக்கக் கூடும். ஆயுத நூல்களின் வழவழப்பான படத்தாள்கள் நம் கடலோர ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் அவற்றை நெருக்கி அடுக்காதீர்கள்.

இந்த அடுக்கில் எளிய சிப்பாய்க்கு இடம் எங்கே? வில்சன் 1882 முதல் ஐந்து தொகுதிகளில் எழுதிய சென்னைப் படை வரலாற்றில் படைப்பிரிவுகளின் பெயரும் அதிகாரிகளின் பெயரும் வரும், சிப்பாயின் பெயர் அரிதாகவே வரும். வேலூர் கடைவீதி மணிக்கூண்டில், முதல் உலகப் போருக்கு அவ்வூரிலிருந்து 277 பேர் சென்றதாகவும் 14 பேர் உயிர்விட்டதாகவும் கல்வெட்டு இருக்கிறது. பெயர்கள் இல்லை. மெசபடோமியாவில் இறந்தவர்களுக்காக பாஸ்ராவில் எழுப்பிய நினைவுச் சின்னத்திலும் இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவுவாரியான எண்ணிக்கையாகவே பொறிக்கப்பட்டார்கள். அந்தப் பெயர்கள் இன்னமும் வீடுகளில் இருக்கின்றன: ஓய்வூதியப் புத்தகத்தில், பணிவிடுப்புச் சான்றில், விளிம்பில் எண்ணும் பெயரும் வெட்டிய பதக்கத்தில். போர் நூல் சேர்ப்பவர் தம் ஊரிலும் உறவிலும் இவற்றைக் கேட்டுப் பார்த்துப் படியெடுத்து, உரிய படைப்பிரிவின் வரலாற்று நூலுக்குள் வைக்க வேண்டும். மூலத்தை வீட்டாரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். படியின் பின்புறம் ஊர்ப் பெயரையும் பார்த்த தேதியையும் பென்சிலால் எழுதுங்கள், மை காலப்போக்கில் தாளில் ஊறிவிடும்.