மிலான் நகரில் ஓர் அமெரிக்கக் கடை

திரைகடலோடியும் திரவியம் தேடச் சொன்னார்கள் நம் முன்னோர். அயல்நாட்டில் முதல் போட்டுக் கடை வைப்போர் அடையும் சோதனைகளை விளக்கும் வரலாறு ஒன்றை ஈண்டு நோக்குவோம்.

அமெரிக்கச் செல்வர் நெல்சன் ராக்பெல்லர் 1947-இல் நிறுவிய வர்த்தக ஸ்தாபனம், வெனிசுவேலாவில் சூப்பர் மார்க்கெட் நடத்திப் பழகியபின் இத்தாலியை நாடியது. 1957-இல் மிலான் நகரத்துச் செல்வர் சிலரைக் கூட்டுச் சேர்த்து, 51 சதவீதப் பங்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. அவ்வாண்டு நவம்பர் 27-ஆம் நாள் முதற்கடை திறக்கப்பெற்றது. வாங்குவோர் தாமே சரக்கை எடுத்து, வெளியேறுமிடத்தில் பணம் செலுத்தும் புதுமையைக் காண மக்கள் திரண்டனர்.

மூலதனத்திற்குக் குறைவில்லை. ஆயினும் கடை திறக்க உள்ளூர் உரிமம் வேண்டும். தம் பிழைப்புக்கு அஞ்சிய சிறு வணிகரோ எதிர்த்து நின்றனர். அவர்தம் அச்சத்தைப் பழித்தல் தகாது. மேலும், பல இல்லங்களில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. அமெரிக்கர் வாரத்திற்கொருமுறை வாங்குவதை, அவ்வூர்ப் பெண்டிர் அன்றாடம் சிறிது சிறிதாக வாங்கினர். அவ்வழக்கத்திற்குக் கடைதான் இணங்க வேண்டியிருந்தது.

1961-இல் அமெரிக்கர் தம் பங்கை விற்றனர். கப்ரோட்டி குடும்பத்தார் அதனை வாங்கினர். பெயர்ப்பலகையிலிருந்த நீண்ட 'எஸ்' எழுத்தைக் கண்டு மக்கள் இட்ட 'எஸ்ஸெலுங்கா' என்னும் பெயரே பிற்காலத்தில் நிறுவனத்தின் பெயராய் நிலைத்தது.

பணம் கடையைத் திறக்கும். அவ்வூராரின் நம்பிக்கையே அதனை நிறுத்தும். உத்தியோகத்தையே நம்பி வெளியூர் வந்த நாம், வணிகம் செய்ய விழையும் நம் பிள்ளைகளுக்கு இதனை எடுத்துரைப்போமாக.